நாரை மீனுண்ணல் பாவமோ?
சூழலியற் கல்வியும் சைவாசிரியர் கடமையும்

கற்பித்தல் என்பது நூலிலுள்ளதை மாணவர் செவியிற் பெய்தல் மாத்திரம் அன்று. அந்நூற்பொருள் மாணவர் உள்ளத்தில் எழுப்பும் வினாவுக்கு நேர்நின்று விடை கூறுதலுமாம். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று கற்பிக்குமிடத்து, 'அங்ஙனமாதல் அறமோ?' என்று எந்த மாணவனும் வினவான். சூழலியலைக் கற்பிக்கப் புகும் சைவாசிரியரோ முதனாளிலேயே அறவினா ஒன்றை எதிர்கொள்ள நேரும். அவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முல்லைத்தீவிலே ஒரு பள்ளிக்கூடத்தை எண்ணிக்கொள்வோம். ஆசிரியர் கரும்பலகையில் உணவுச் சங்கிலியொன்றை வரைகின்றார். பாசியைச் சிற்றுயிர் உண்ணும்; சிற்றுயிரை இறால் உண்ணும்; இறாலை மீன் உண்ணும்; மீனை நாரை உண்ணும். முந்திய பாடவேளையிலே சமயபாடத்திற் கொல்லாமையைக் கற்ற மாணவனொருவன் எழுந்து, 'ஐயா, அப்படியாயின் நாரை செய்வது பாவமோ?' என்கின்றான். பின்வாங்கிலிருக்கும் மற்றொருவன், கடற்றொழிலாளி ஒருவரின் மகன், எழாமலே தலைகுனிந்திருக்கின்றான். அவன் உள்ளத்திலுள்ள வினா வேறு. 'என் தந்தையார் செய்வது பாவமோ?' என்பதே அது. முதல்வனுக்குக் கூறும் விடை இரண்டாமவன் செவியிலும் விழும் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

விடை காணுமுன் பொருளை உள்ளவாறு அறிதல் வேண்டும். இங்கிலாந்து தேசத்துத் தாவரவியலறிஞர் ஆதர் தான்சிலி என்பார் 1935ஆம் ஆண்டிலே 'ஈகோசிஸ்டம்' என்னுஞ் சொல்லை வெளியிட்டார். அதனைச் சூழற்றொகுதி என்று நாம் வழங்குகின்றோம். உயிருள்ளவற்றையும், நிலம், நீர், காற்று, வெயில் முதலிய உயிரில்லவற்றையும் வேறு வேறாக நோக்காது, ஒன்றோடொன்று கொண்டுங் கொடுத்தும் நிற்கும் ஒரே தொகுதியாக நோக்குதல் வேண்டும் என்பதே அச்சொல்லின் கருத்து.

இதற்கு உதாரணந் தேடி மாணவரை வெகுதூரம் அழைத்துச் செல்ல வேண்டா. நந்திக்கடல் அவர்கள் வாயிலிலேயே கிடக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழை வன்னிக் காட்டிலே வீழ்ந்து, முத்தையன்கட்டுக் குளத்திலே தங்கி, வயல்களிற் பாய்ந்து, பேராற்றின் வழியே நந்திக்கடலை அடைகின்றது. நீர் பெருகவே வட்டுவாகற் பக்கத்திலே வாயை அடைத்துநின்ற மணற்றிட்டு உடைந்து, களப்புங் கடலும் ஒன்றாகின்றன. கோடையிலோ மணல் மீண்டுஞ் சேர்ந்து வாயை மூடுகின்றது. களப்புநீர் வற்றி உப்பு மிகுகின்றது. இறால் கடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் வாய் திறந்துள்ள காலத்திலே களப்பினுட் புகுந்து, கண்டல் வேர்களினிடையும் நீர்ப்பூண்டுகளினிடையும் ஒளித்து வளர்ந்து, முதிருங்காலத்துக் கடலுக்கே மீளும். ஆகவே காட்டிற் பெய்த மழைக்கும் வலையிற் பட்ட இறாலுக்கும் உறவுண்டு. காட்டை அழித்தவன் வலையையும் வெறுமையாக்குகின்றான் என்பதை இவ்வொரு களப்பைக் கொண்டே காட்டலாம்.

கண்டலின் இலை நீரில் உதிர்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கின்றன. சிதைந்ததைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. அவற்றை இறாலும் மீனும் உண்கின்றன. மீனையுண்ட நாரையின் எச்சம் மீண்டுங் கண்டலுக்கு உரமாகின்றது. இத்தகைய களப்போரங்களில் வளரும் மரங்களுள் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை அளித்த மரம் அதுவேயாம். இன்று அம்மரத்தைக் கூட்டமாகக் காண விரும்புவோர் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் கழிக்கே செல்லுதல் வேண்டும். கூத்தப்பெருமானது திருத்தலத்தின் பெயர் ஒரு சேற்றுமரத்தின் பெயர் என்பதைச் சைவ மாணவர் அறியின், களப்போரத்துச் சேற்றை இழிவாகக் கருதார்.

இன்னும் ஒன்று அறியத்தக்கது. ஓருயிர் உண்டதிற் பெரும்பங்கு அதன் மூச்சுக்கும் இயக்கத்துக்குமே செலவாகிவிடும்; ஏறத்தாழப் பத்திலொரு பங்கே அதனையுண்ணும் உயிருக்குச் சேரும். அமெரிக்க தேசத்துச் சிற்றேரியொன்றை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமன் என்னும் இளைஞரது கட்டுரை, ஆற்றல் இங்ஙனம் படிப்படியாகக் குறைந்து செல்லும் முறையை 1942ஆம் ஆண்டிலே விளக்கியது. ஆதலினாலே பாசி மிகப்பல, மீன் சில, நாரை மிகச்சில. மேற்படியில் நிற்பது எதுவோ அது அளவிற் சிறிதாய் நின்றாலன்றிக் கீழ்ப்படி தாங்காது. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

இனி மாணவன் வினாவுக்கு வருவோம். இதற்கு எளிதாகக் கூறத்தக்க விடைகள் இரண்டு. இரண்டும் பிழையானவை.

முதலாவது விடை, 'அஃது இயற்கை. பெரியது சிறியதை உண்ணும். அதில் அறமும் இல்லை, மறமும் இல்லை' என்பது. நாரையைப் பொறுத்தவரையில் இது மெய்போலத் தோன்றும். ஆயின் அவ்விடையைக் கேட்ட மாணவன் வகுப்பை விட்டு வெளியேறுமுன்னரே அதனை மனிதர்மேல் ஏற்றிவிடுவான். வலியோன் எளியோனை உண்பதும் இயற்கையெனில், அறம் என்பது எளியோர் புலம்பல் மாத்திரம் ஆகிவிடும். உலகில் ஒன்று நிகழ்கின்றது என்பது வேறு. அது செய்யத்தக்கது என்பது வேறு. முன்னதைச் சூழலியல் கூறும். பின்னதை அது கூறாது. கூறுமாறு அதனை வற்புறுத்தலும் முறையன்று.

அன்றியும், வலியோன் ஆட்சி என்பது சூழற்றொகுதியை உள்ளவாறு கண்டோர் கூற்றுமன்று. 1958ஆம் ஆண்டிலே சீனதேசத்து அரசு, தானியத்தை உண்கின்றது என்னுங் காரணத்தாற் சிட்டுக்குருவியைப் பகையென்று சாற்றி, ஊர்தோறும் மக்களைத் திரட்டிக் கொல்வித்தது. குருவிகள் ஒழிந்தன, அவை தின்றுவந்த பூச்சிகள் பெருகின, பயிர் கெட்டது. 1960ஆம் ஆண்டிலே பகைப்பட்டியலினின்றுங் குருவி நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது. அக்காலத்து அத்தேசத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியை அழித்தமையும் அவற்றுள் ஒன்றென்பர். வலியோனாகிய மனிதன் ஒரு சிறு பறவையிடந் தோற்றான். நந்திக்கடல் நாரை மீனைத் திருடுகின்றது என்று கவண்கல் எறியும் சிறுவனுக்கு இவ்வரலாறு ஒன்றே போதும்.

இரண்டாவது விடை, 'ஆம், பாவமே. நாரை தன் வினையாற் கொலையுயிராய்ப் பிறந்தது' என்பது. சமயப்பற்று மிக்க ஆசிரியர் சிலர் இவ்விடையிற் சாய்வர். திருவிளையாடற் புராணத்திலே நாரைக்கு முத்தி கொடுத்த படலத்தை அவர் சான்று காட்டவுங் கூடும். அக்கதையைச் சிறிது ஊன்றி நோக்குவோம். தான் வாழ்ந்த குளம் மழையின்றி வற்றியமையால் இரையிழந்த நாரையொன்று, முனிவர் நீராடும் தீர்த்தமொன்றை அடைந்தது. அங்குள்ள மீன்கள் அம்முனிவரது திருமேனி தீண்டியவை என்று கண்டு உண்ணாது ஒழிந்தது. பின் மதுரையின் பெருமையை அவர்கள் பேசக் கேட்டு அங்கே சென்று, பொற்றாமரையில் மூழ்கி வழிபட்டு, மீன் கண்முன் துள்ளியும் பசியை அடக்கிற்று. இறைவன் வெளிப்பட்டபோது, தனக்கு முத்தியையும், பின்வரும் நாரைகள் ஆசையால் வழுவாதபடி அத்தீர்த்தத்தில் மீன் இல்லாமையையும் வேண்டிற்று.

இக்கதை நாரையினத்தைப் பாவியென்று தீர்ப்புக் கூறியதாமோ? அன்று. அறிவு தோன்றிய கணத்திலேதான் அந்நாரைக்கு அடக்கமுந் தோன்றிற்று. அதற்குமுன் பலகாலம் மீனுண்டு வாழ்ந்தமைக்காக அது தண்டிக்கப்பட்டதென்று புராணங் கூறவில்லை. மேலும், உலகத்து நீர்நிலைகள் அனைத்திலும் மீன் இல்லாது ஒழிக என்று அது வேண்டவில்லை. ஒரு தீர்த்தத்தை மாத்திரமே வேண்டிற்று. ஏனை நாரைகள் பட்டினி கிடக்க வேண்டும் என்பது அதன் கருத்தாகாது. ஆதலின் அக்கதையாற் போந்த பொருள், அறிந்த உயிருக்கே அறம் உண்டு என்பதாம்.

எமது விடையும் இதுவே. நாரை மீனுண்ணல் பாவமுமன்று, புண்ணியமுமன்று. நாரை தான் நிற்கும் வலையை அறியாது. கண்டலிலையை அது கண்டதுண்டு. இலை மீனாவதை அது கண்டதில்லை. அறியாத உயிரை இயற்கையே அளவில் நிறுத்துகின்றது. நாரையின் அலகுக்கு எல்லை அதன் வயிறு. மனிதனோ அறிவான். மழை இறாலாவதையும், இறால் மீனாவதையும், மேற்படி சிறிதாய் நின்றாலன்றிக் கீழ்ப்படி தாங்காது என்பதையும் அவன் ஒருவனே அறிவான். அவன் வீசும் வலைக்கு எல்லை அவன் வயிறன்று. அது கடல் கடந்த சந்தைகளின் வயிறு. இயற்கை அவனுக்கு எல்லையிடாத இடத்திலே அவன் தனக்குத் தானே எல்லையிடுதல் வேண்டும். சூழலியற் கல்வி அறக்கல்வியாவது இவ்விடத்திலேதான். வலையைப் பற்றிய அறிவு வளருந்தோறும் பொறுப்பும் வளர்கின்றது. அப்பொறுப்பை ஏற்க மனமில்லாதவன் அவ்வறிவைப் பெற்றும் பெறாதவனே.

இதற்குச் சைவத்திலே உறுதியான அடிப்படையும் உண்டு. தனு கரண புவன போகங்களை இறைவன் அளித்தது உயிர்கள் பக்குவமடைதற்பொருட்டு என்பது சித்தாந்தத் துணிபு. உயிர்கள் என்றது மனிதவுயிரை மாத்திரம் அன்று. மணிவாசகப் பெருமான் சிவபுராணத்திலே தாம் எடுத்திளைத்த பிறவிகளை எண்ணத் தொடங்குவது புல்லிலிருந்து. ஆகவே நந்திக்கடல் நமக்கு அளிக்கப்பட்டது என்பது பாதி உண்மை. இறாலுக்கும் நாரைக்கும் கண்டலுக்கும் அளிக்கப்பட்டது என்பது மற்றைப் பாதி. பிறர்க்கும் உரிய பொருளை நாம் மாத்திரம் துய்த்தொழிப்பது களவின்பாற்படும்.

இனி, தலைகுனிந்திருக்கும் அப்பிள்ளைக்கு யாது கூறுவது? மீனுண்ணாமையைச் சைவம் என்னும் பெயராலேயே வழங்கும் நம்மவர்க்கு, கடற்றொழிலாளரை ஒரு படி தாழ்த்தி நோக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகின்றது. அவ்வழக்கம் சூழலியற் பாடத்திலும் புகுமாயின் பாடம் நஞ்சாகும். அப்பிள்ளைக்கு யாம் காட்ட விரும்புவது அதிபத்த நாயனாரை. நாகபட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் குலத்துதித்த அவர், நாடோறும் படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். ஒரு மீனே பட்ட நாளிலும் அதனை விட்டுத் தாம் பசித்திருந்தார். பொன்மீன் பட்டபோதும் விட்டார். அவரை வலையைக் கைவிடுமாறு இறைவன் பணித்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. வலையிற் பட்டது அனைத்தும் என்னுடையதன்று என்னும் உணர்வே அவரை நாயனாராக்கியது.

இதனைக் கொண்டு, அதிபத்தர் மீன்வளப் பாதுகாப்பைக் கற்பித்தார் என்று ஒருவர் கூறுவாராயின் அது பொருந்தாது. அவர் செய்தது பத்தி. ஒரு மீனை விடுதலாற் கடல் நிரம்பாது. அவ்வாறே இறைவனது சங்காரத் தொழிலையும் நுண்ணுயிர்களின் சிதைத்தற்றொழிலையும் ஒன்றென்று கூறுதலும், இக்கால விஞ்ஞானம் முழுவதும் நம் நூல்களில் முன்னரே உள்ளதென்று பெருமை பேசுதலும் ஆசிரியர்க்கு அழகல்ல. அஃது அறிவியலுக்குஞ் செய்யும் அநீதி. சமயத்துக்குஞ் செய்யும் அநீதி. விஞ்ஞானம் எவ்வளவு விடவேண்டும் என்று கணக்கிட்டுக் கூறும். விடுதற்கு வேண்டிய மனத்தை அது தருவதன்று. சிறுகண் வலையை ஒதுக்குக, முதிராத இறாலை விடுக, வாய் திறக்குங் காலத்திற் குஞ்சுகளின் வழியை மறியாதிருக்க என்பன கணக்கின் பயன். பசித்த நாளிலும் அவற்றைப் போற்றி நிற்றல் மனத்தின் பயன். இரண்டையும் ஒருங்கே கற்பித்தல் சைவாசிரியர்க்குக் கைகூடுவதொன்று.

இங்கே ஒரு தடையை நேர்மையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். 'இயற்கை நம் தாய். அவளைக் காப்போம்' என்று வேறிடங்களில் எளிதாகக் கூறிவிடலாம். முல்லைத்தீவில் அங்ஙனங் கூறுதல் எளிதன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையை வாரிச் சென்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிவுற்றது நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட நிலத்திலேதான். அந்நீரைப் பார்க்குந்தோறும் இழந்த உறவினரை நினைக்குங் குடும்பங்களின் பிள்ளைகள் நம் முன் அமர்ந்திருக்கின்றனர். நெல் முற்றிய வேளையில் யானை புகுந்து ஓரிரவிலே கமத்தை அழித்த வீட்டுப் பிள்ளைகளும் உளர். இலங்கை முழுவதிலும் 2019ஆம் ஆண்டிலே மாத்திரம் 400இற்கு மேற்பட்ட யானைகளும் 100இற்கு மேற்பட்ட மனிதரும் இப்பகையால் மாண்டனர். அப்பிள்ளைகளிடம், யானை நம் பிள்ளையார் என்று கூறி அமைதல் ஆசிரியர் கடமையைத் தட்டிக்கழித்தலேயாம்.

மற்றொன்றுமுண்டு. 2017ஆம் ஆண்டிலே நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாக அரசாற் பிரகடனஞ் செய்யப்பட்டன. தம் வயலும் தொழிற்றுறையும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டன என்று அப்பகுதி மக்கள் முறையிட்டனர். இடம்பெயர்ந்திருந்த காலத்திலே பற்றை வளர்ந்த தம் காணியைக் காடென்று சொல்லி எல்லைக்கல் நட்டதாக முறையிட்டோரும் வன்னியிற் பலர். பாதுகாப்பு என்னுஞ் சொல்லையே பறிப்பு என்று பொருள்கொள்ளும் நிலைமை இங்ஙனம் நேர்ந்தது. அறம் ஒருவன்மேல் மாத்திரம் சுமத்தப்படுமாயின் அஃது அறமாகாது. மேற்படியில் நிற்பது சிறிதாய் நிற்றல் வேண்டும் என்று மேலே கூறினோம்; மிகுதியாகக் கொள்வோனே முதலில் விடுதல் வேண்டும் என்பது அதனின்று பெறப்படும். கடலையே வாரும் பெருவலையை விடுத்துச் சிறுவள்ளக்காரனை முதலில் அடக்குதல் முறையாமோ? கட்டடம் எழுப்பக் காட்டு முதிரையையும் பாலையையும் வாங்குவோரை விடுத்து, விறகு பொறுக்கும் மூதாட்டியை வைதல் முறையாமோ? அம்மரத்தால் ஆன கதவுகள் நம் வீடுகளிலும் உள. ஆசிரியர் தம்மையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டு பேசினாலன்றி மாணவர் அவர் சொல்லை நம்பார்.

ஆதலின், இயற்கையைத் துதிக்கப் பயிற்றுதலினும் அறியப் பயிற்றுதலே நலம். அன்பு வருமாயின் அறிவின் வழியே பின்னர் வரும். இதற்கு யாம் கூறும் வழி மிக எளிது. ஒரு வகுப்பு, ஓராண்டு, ஓரிடம். வட்டுவாகற் பாலத்தடியேனும், தத்தம் ஊர்க் குளத்தின் அலைகரையேனும் அவ்விடமாகலாம். வாய் திறந்த நாள், குளம் வான் பாய்ந்த நாள், வலசைப் பறவைகள் வந்த நாள், காலபோக விதைப்புத் தொடங்கிய நாள், பாலைப்பழம் பழுத்த நாள், இறால் மலிந்த நாள் என்பவற்றை மாணவரே ஒரு கொப்பியிற் குறித்துவரல் வேண்டும். ஆண்டிறுதியில் அக்குறிப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பின், சூழற்றொகுதி என்னுஞ் சொல்லை விளக்க வேறு நூல் வேண்டா. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் சந்நிதியிலே பெருங்கூட்டங் கூடும்போது, கடல்நீரில் விளக்கெரியும் அத்திருக்கோயிலின் அயலிலுள்ள களப்புக்குள் நாம் எறிந்துசெல்லும் பொலித்தீன் எங்கே போகின்றது என்னும் வினாவையும் அக்கொப்பியிற் சேர்க்க.

இன்னும் ஒன்று செய்யலாம். களப்பிலே தொழில் செய்யும் முதியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, காற்றையும் நீரோட்டத்தையும் மீன்வரத்தையும் பற்றிப் பேசச் செய்து, ஆசிரியரும் மாணவருடன் வாங்கில் அமர்ந்து கேட்டல் வேண்டும். எந்நாளில் வலையை வீசலாகாது என்பதை அறிந்தோர் அவர்களுள் இன்றும் உளர். அன்று அப்பின்வாங்குப் பிள்ளை தலைநிமிர்வான். தன் தந்தையாரது தொழிலில் அறிவும் உண்டு, அவ்வறிவுக்குரிய கடமையும் உண்டு என்பதை அவன் ஒரே நாளில் அறிவான்.

அன்று அவன் எழுந்து, 'ஐயா, நாரை மீனுண்ணல் பாவமோ?' என்று வினவுவானாயின் ஆசிரியர் கூறத்தக்கது இது: 'தம்பி, நாரைக்கு அவ்வினா இல்லை. அது உனக்கும் எனக்குமே உண்டு. நாரை தன் வயிற்றளவு கொள்கின்றது. நாம் கொள்வதில் எவ்வளவை விடுகின்றோம் என்பதே நம் வினா.'

இவ்வினாவை மாணவர் உள்ளத்திலே எழுப்பவும், அவ்விடையைத் தாமும் வாழ்ந்து காட்டவும், எல்லாவுயிர்க்கும் உயிராய் நிற்கும் பெருமான் நம் ஆசிரியர்க்குத் திருவருள் புரிவானாக.